ஸ்டொப் சைன்

யாராவது உள்ளங்கையை விரித்துக் கையை உயர்த்தினால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு இடிக்கிறது. நான் மீன்கடையில் மீன் வெட்டுகிறேன். சனக்கூட்டத்துக்குப் பின்னால் நின்று ஒருவர் கை காட்டுவார். கத்தி ஒரு கணம் நின்றுதான் பிறகு இறங்கும்.

எனக்கு நினைவில் எழும்புவது ஒரு அம்மாவின் கை. பெயர் எனக்குத் தெரியாது. சொல்லியிருப்பார்கள். நான் இருந்த நிலையில் காதில் ஏறவில்லை.

அவர் தமிழ் மொழிபெயர்ப்பாளர். அகதி வழக்கு விசாரணைகளில் எங்கள் தமிழை ஜட்ஜுக்கு இங்கிலிசில் சொல்வார். ஜட்ஜின் இங்கிலிசை எங்களுக்குத் தமிழில் சொல்வார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். மெலிந்த பெண். சாம்பல் நிறக் கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். சிரித்து நான் கண்டதில்லை.

கனடாவில் டோர்செட் பார்க்கில் ஒரு வீட்டுப் பேஸ்மென்றில் அப்போது நாங்கள் சில பேர் சேர்ந்து இருந்தோம். எல்லோருக்கும் வழக்கு இருந்தது. குணம் அண்ணைக்கு மட்டும் முடிந்து, இங்கே இருக்கலாம் என்று பேப்பர் கிடைத்திருந்தது. அவருடைய விசாரணைக்கு இந்த அம்மாதான் வந்தவராம். குணம் அண்ணைதான் அவருக்குப் பெயர் வைத்தது. ஸ்டொப் சைன்.

"நீ ஒரு வசனம் தொடங்குவாய். பாதியில கை எழும்பும். பிறகு நீ என்ன சொல்ல வந்தனி எண்டு உனக்கே தெரியாது" என்றார்.

"ஏன் நிப்பாட்டுறவ?"

"உன்ர ஊர்ச் சொல்லு ஏதும் வந்தா நிப்பாட்டுவா. உங்கட இடத்தில உதுக்கு என்ன கருத்து எண்டு கேப்பா. தனக்குத் தெரிஞ்ச சொல்லெண்டாலும் கேப்பா. சும்மா ஒரு இங்கிலிஸ் சொல்லைப் போட்டிட்டுப் போற ஆளில்லை."

"அது நல்லதுதானே அண்ணை."

"நல்லதுதான். நீ நிண்டு முழுசுவாய். ஜட்ஜ் உன்ர முகத்தைப் பாப்பான். உவன் என்னவோ மறைக்கிறான் எண்டு எழுதுவான். அவ்வளவு நல்லது."

நான் படித்தது கொஞ்சம். மன்னார்க் கரையில் சின்ன வயதிலேயே வலை இழுக்கப் போனவன். எனக்கு ஊர்ச் சொல்லைத் தவிர வேறு சொல் கிடையாது.

அவரைப் பற்றிப் பேஸ்மென்றில் கதைகள் நிறைய. ஒன்று இது. வவுனியா ஆள் ஒருவரிடம் ஜட்ஜ் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டாராம். அவர் குனிந்து தனக்குள்ளே, "மாட்டுக்குச் சொன்ன மாதிரிக் கிடக்கு" என்று முணுமுணுத்தாராம். அம்மா அதையும் இங்கிலிசில் சொல்லிவிட்டார். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மாடு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, தொடர்ந்து சொல்லச் சொல்லுங்கள் என்றாராம். அம்மா அதையும் முகம் மாறாமல் தமிழில் சொன்னாராம். நாங்கள் சிரித்தோம்.

மற்றது மட்டக்களப்புத் தாய் ஒருவரின் கதை. அவர், "மறுகா வந்தானுகள்" என்று சொல்லியிருக்கிறார். கை எழும்பியது. மறுகா என்றால் உங்கள் இடத்தில் பிறகு என்பதா, திரும்பவும் என்பதா என்று அம்மா கேட்டாராம். அந்தத் தாய்க்கு அது விளங்கவே நேரம் எடுத்தது. கடைசியில் அவர்கள் வந்தது ஒருதரம் இல்லை, இன்னொரு தரமும் என்று தெரிந்ததாம். அவருக்கு வழக்கு வென்றதா தோற்றதா என்று குணம் அண்ணைக்குத் தெரியாது. அதுதான் எனக்கு மிச்சப் பயத்தைத் தந்தது.

எந்த ஊர் ஆள் என்பதும் ஒருவருக்கும் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தாருக்கு அவர் யாழ்ப்பாணம் மாதிரி. மட்டக்களப்பாருக்கு மட்டக்களப்பு மாதிரி. ஒவ்வொருவரோடும் அவரவர் ஊர்ப் பேச்சிலேயே கதைப்பாராம். எந்த ஊர் என்று கேட்டவர்களிடம், "நான் இங்க ஒரு குரல் மட்டும்தான்" என்றாராம்.

விசாரணைக்கு முன்பே நான் அவரை ஒருதரம் நேரில் கண்டேன். திருக்கை முள் குத்திக் கை வீங்கியதால் ஸ்காபரோவில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். அங்கே அறைகளுக்கு நடுவில் திரைதான். பக்கத்துத் திரைக்குள் ஒரு வயதானவர்.

"ஐயா, நோவோ உளைவோ?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"ரெண்டும் ஒண்டுதானே பிள்ளை. நோ எண்டு சொல்லிவிடு. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகுது."

"நீங்கள் முதல் உளைவு எண்டு சொன்னனீங்கள்."

"ஓம், சொன்னனான். இப்ப நோ எண்டு சொல்லுறன்."

"எது ஐயா?"

கிழவர் சின்னக் குரலில் சொன்னார். "உளைவுதான் பிள்ளை. குளிர் காலத்தில இரா முழுக்கக் கால் உளையும். இருக்கேலாது, படுக்கேலாது."

அதற்கு அந்தப் பெண் டாக்டரிடம் இங்கிலிசில் சொன்னது நீளமாக இருந்தது. ஒரு சொல்லுக்கு அவ்வளவா என்று நினைத்தேன். டாக்டர் ஏதோ கேட்டார். கிழவரின் காலை இன்னொருதரம் தொட்டுப் பார்த்தார் போல. பஸ் போயிருக்கும்.

திரை விலகியது. சாம்பல் கோட்டு. குணம் அண்ணை சொன்ன அடையாளம்; கிளினிக்கிலும் மொழிபெயர்க்கிறவராக்கும், ஆள் யாரென்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஏன் திருப்பினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கிற நேரம் குனிகிற மாதிரி.

என் வழக்கு இதுதான். மன்னாரில் தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று எழும்பினால் எங்கள் கரைக் கடல் கொதிக்கும். தொழில் செய்ய முடியாது. மறு கரைக்குப் போய் ஓலையால் வாடி போட்டுத் தங்கி மீன் பிடிப்போம். குடும்பம் ஊரில் இருக்கும். வள்ளமும் வலையும் சம்மாட்டியுடையவை. அவர் முன்கூட்டிக் காசு தருவார். அதனால் அவர் சொல்வதுதான் சட்டம். ஒரு சோழகத்தில் எங்கள் வாடிக்கு மீன் இல்லாத மூட்டைகள் வந்தன. என்னோடு வேலை செய்த பீற்றர் என்பவர் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். சம்மாட்டியோடு வந்தவர்கள் அவரை என் கண் முன்னால் அடித்து வள்ளத்தில் ஏற்றினார்கள். சில நாளில் அவர் பிணமாய்க் கரை ஒதுங்கினார். கண்டவன் நான் ஒருவன்தான். என்னைத் தேடினார்கள். பொலிசுக்குப் போனால் அந்தப் பேச்சு அன்றைக்கே அவர்களிடம் போய்ச் சேரும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் ஓடினேன்.

மனைவி ஜெசிந்தாவும் மகளும் சொந்தக்காரர் வீடுகளில் மாறி மாறி இருந்தார்கள். இங்கே என்னை ஏற்காவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி அனுப்பினால் விமான நிலையத்தில் இறங்கிய செய்தி எனக்கு முன்னால் கரைக்குப் போய்விடும். அவ்வளவுதான் வழக்கு.

விசாரணைக்கு முந்திய கிழமை குணம் அண்ணை சொன்னார்.

"நான் ஒண்டு சொல்லுறன், கேள். உன்ர வாடி, சம்மாட்டி ஒண்டும் வேண்டாம். பேப்பரில எழுதுற தமிழில கதை. வீடு எண்டு சொல்லு. முதலாளி எண்டு சொல்லு. காத்தைச் சொல்லாத, மாசத்தைச் சொல்லு. அவவுக்கு நிப்பாட்ட இடம் குடுக்காத."

எனக்கு அது சரியாகப் பட்டது. மீன் வெட்டும்போது வாய்க்குள் சொல்லிப் பழகினேன். வாடி இல்லை, வீடு. சம்மாட்டி இல்லை, முதலாளி. கடைக்காரர், "என்னடா, மீனுக்குச் செபம் சொல்லுறியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

இப்போது விசாரணைகள் கம்ப்யூட்டர் திரையில் நடக்கின்றன. எனக்கு நேரில் நடந்தது. டவுன்ரவுனில் ஒரு கட்டடம். ஜன்னல் இல்லாத அறை. ஜட்ஜ் மெதுவாகப் பேசுகிற ஒரு வெள்ளைக்காரர். பக்கத்தில் என் லோயர். இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. எதிரே சாம்பல் கோட்டு.

தொடங்க முன் அவர் என்னோடு கொஞ்சம் கதைக்க வேண்டும். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்குகிறதா என்று பார்க்கிற வழக்கம் அது. வழக்கைப் பற்றிக் கதைக்கக் கூடாது.

"என்னத்தில வந்தனீங்கள்?"

"பஸ்ஸில வந்து பிறகு ட்ரெயின்."

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"பாண். ஒண்டும் இறங்கேல்லை."

"நான் கதைக்கிறது விளங்குதோ?"

"விளங்குது."

"எனக்கு உங்கட சொல் ஏதும் விளங்காட்டி நான் கேப்பன்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது எச்சரிக்கையாகக் கேட்டது.

ஜட்ஜ் கேட்கத் தொடங்கினார். இங்கே இன்னொரு விசயம் சொல்ல வேண்டும். அவர் மொழிபெயர்க்கும்போது ஜட்ஜ் கேட்கிறார், ஜட்ஜ் சொல்கிறார் என்று சொல்ல மாட்டார். ஜட்ஜ் 'நான்' என்றால் அவரும் 'நான்' என்பார். நான் பேசும்போது 'நான்' என்றால் அதையும் 'நான்' என்றே இங்கிலிசில் சொல்வார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கேட்பதும் அவர்தான், எனக்காகப் பதில் சொல்வதும் அவர்தான் என்று ஆகிவிட்டது. நான் சும்மா நடுவில் இருந்தேன்.

நான் பழகியபடி சொன்னேன். பெப்ரவரி மாதம் என்றேன்; கடலில் நாங்கள் காற்றைத்தான் எண்ணுவோம், மாதம் குத்துமதிப்பாய்ப் போட்டது. வீட்டுக்கு வந்தார்கள். முதலாளியும் வந்தார். பேப்பர்த் தமிழ். கை ஒருதரமும் எழும்பவில்லை. நல்லாய்ப் போகிறது என்று நினைத்தேன்.

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்கள் முதல் எழுதித் தந்ததில கடற்கரையில ஒரு தங்குமிடம் எண்டு இருக்கு. இப்ப வீடு எண்டு சொல்லுறீங்கள்" என்றார் அம்மா. "முதல் தென்மேல் காத்து வீசிற காலம் எண்டு இருக்கு. இப்ப பெப்ரவரி எண்டு சொல்லுறீங்கள். என்ர முன்னால ரெண்டு கதை இருக்கு. எதை நான் நம்புறது?"

அவருடைய முகத்தில் ஒன்றும் இல்லை. சுவர் மாதிரி. அவரே என்னைக் கேட்பது போல இருந்தது.

"வீட்டில அண்டைக்கு ஆர் ஆர் இருந்தவை?"

யாரைச் சொல்வேன். வீடு என்று சொல்லியாயிற்று. வீடென்றால் மனைவி இருக்க வேண்டும், மகள் இருக்க வேண்டும். இல்லாதவர்களை எப்படி அங்கே வைப்பது. அம்மாவைப் பார்த்தேன். அவருக்கு விளங்கியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். கடற்கரை ஆள், தங்குமிடம், காற்று. அவருக்குத் தெரியாத சொல்லா. ஆனால் நான் வாய் திறந்து சொல்லாததை அவர் சொல்ல முடியாது. சொல்லவும் மாட்டார். என் நெஞ்சு அடித்த சத்தம் அவருக்குக் கேட்டிருந்தால் அதையும் இங்கிலிசில் சொல்லியிருப்பார்.

லோயர்ப் பிள்ளை இடைவேளை கேட்டது. வெளியே நடையில் என்னை நிறுத்தியது.

"அங்கிள், ஏன் வீடு எண்டு சொல்றீங்க? ஸ்டேட்மென்ட்ல கேம்ப் எண்டு இருக்கு. ஐ டோன்ட் கெட் இட்."

"ஊர்ச் சொல்லுச் சொன்னா அவ நிப்பாட்டுவா பிள்ளை."

"நிப்பாட்டட்டும். ஸோ வாட்?"

"ஜட்ஜ் என்னைப் பிழையா நினைப்பார்."

"அங்கிள், இப்ப நினைக்கிறார்."

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சொன்னது ஒன்றுதான். "உங்க ஊர்ல எப்பிடிச் சொல்லுவீங்களோ அப்பிடியே சொல்லுங்க."

நடையின் கடைசியில் அம்மா தனியாக நின்றார். எங்களோடு கதைக்க அவருக்கு அனுமதி இல்லை. கையில் ஒரு தோடம்பழம். உரித்துக்கொண்டிருந்தார். உரிபடவில்லை. பழம் இரண்டுதரம் நழுவப் பார்த்தது. நகம் தோலில் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் பழத்தை அப்படியே பைக்குள் போட்டுவிட்டார்.

அவரும் பயந்துகொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும். அதைக் கண்டு எனக்கு ஆறுதல் வரவில்லை. கடலில் வள்ளம் ஓட்டுகிறவன் பயந்ததைக் கண்டவனுக்கு ஆறுதல் வராது. ஆனால் இவர் என் சொல்லைக் கீழே போடமாட்டார் என்று ஒரு எண்ணம் வந்தது. பயந்தவன் இறுக்கிப் பிடிப்பான்.

உள்ளே போனோம். அதே கேள்வி.

"ஐயா, அது வீடில்லை" என்றேன். "வாடி."

கை எழும்பியது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா ஜட்ஜிடம் இங்கிலிசில் ஏதோ சொன்னார். பிறகு என்னிடம் தமிழில். "இந்தச் சொல்லுக்கு உங்களிட்ட விளக்கம் கேக்க நான் அனுமதி கேட்டனான். கிடைச்சிருக்கு. உங்கட இடத்தில வாடி எண்டா என்ன?"

"ஓலைக் கொட்டில். கரையில போடுவம். காத்து மாறினா பிரிச்சுக்கொண்டு போயிடுவம்."

"அங்க ஆர் இருப்பினம்?"

"தொழிலாளியள் மட்டும். பொம்பிளையள் வாறேல்லை. சமைக்கிறது, படுக்கிறது, வலை பொத்துறது எல்லாம் அதுக்குள்ளதான்."

அவர் சொன்னார். நீளமாகச் சொன்னார். ஜட்ஜ் எழுதினார். பிறகு நான் சோழகம் என்றேன். கை. விளக்கினேன், பெப்ரவரி பிழை என்றும் சொன்னேன். சம்மாட்டி என்றேன். கை. முதலாளி என்று முதல் சொன்னீர்களே, வித்தியாசம் என்ன என்று ஜட்ஜ் கேட்டார். முதலாளி சம்பளம் தருவான், விட்டுப் போகலாம், சம்மாட்டியை விட்டுப் போக ஏலாது, போக முதல் அவர் தந்ததெல்லாம் திருப்பிக் குடுக்க வேணும் என்றேன். பீற்றரை ஏற்றியபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டார். "ஏங்கிப்போனன்" என்றேன். கை. "அது ஆசைப்பட்டு ஏங்கிறதோ?" இல்லை அம்மா, பயத்தில மூச்சு உள்ள போய் வெளியில வராமல் நிக்கிறது. சின்னப் பிள்ளையளுக்கு வந்தா முகத்தில தண்ணி அடிப்பம். அவர் அதையும் சொன்னார். தண்ணீர் அடிப்பதைச் சொல்லும்போது அவர் கை தன் முகத்துக்குப் பக்கத்தில் சும்மா அசைந்தது.

ஏன் முதலில் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டார். இவ நிப்பாட்டுவா எண்டு பயந்தனான் என்றேன். அம்மா அதையும் முகம் மாறாமல் இங்கிலிசில் சொன்னார். ஜட்ஜ் அவரை ஒருதரம் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

பிறகு எங்களை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டார்கள்.

"நான் இப்ப என்ர முடிவைச் சொல்லப்போறன்" என்றார் அம்மா.

ஜட்ஜ் ஒரு வசனம் சொல்வார், நிறுத்துவார். அம்மா சொல்வார். ஜட்ஜ் அடுத்தது. முடிவு எந்த வசனத்தில் வரும் என்று தெரியாது.

"இவர் இலங்கையைச் சேர்ந்தவர் எண்டதை நான் ஏற்கிறன்."

"விசாரணையின்ர முதல் பகுதியில இவர் சொன்னது குழப்பமா இருந்தது."

"இடத்தையும் காலத்தையும் மாத்திச் சொன்னவர்."

"அது எனக்கு ஐமிச்சத்தைத் தந்தது."

ஐமிச்சம். சந்தேகத்துக்கு எங்கள் பக்கத்துச் சொல். ஜட்ஜ் சொன்ன இங்கிலிசுக்கு அவர் எனக்குத் தெரிந்த சொல்லாகத் தேடிப் போட்டார். நான் தப்ப வழி இல்லாமல் போட்டார்.

அடுத்த வசனம் நீளம். ஜட்ஜ் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு இங்கிலிசில் இல்லை என்பதற்கு நொட் என்ற சொல் தெரியும். அந்த வசனத்தில் அது இருந்தது. நான் கேட்டேன். மேசை விளிம்பைப் பிடித்தேன். ஜட்ஜ் நிறுத்தினார். அம்மா உடனே சொல்லவில்லை. வசனத்தை மனத்தில் அடுக்கினாராக்கும். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பீற்றரைக் கண்டேன். மகளைக் கண்டேன்.

"ஆனா அந்தக் குழப்பம், இவர் சொன்னதை நம்பாமல் விடுறதுக்குப் போதுமானதில்லை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. போதுமானது இல்லையா, நம்பவில்லையா. அவர் அதைத் திருப்பிச் சொல்லவில்லை, விளக்கவும் இல்லை. அது அவர் வேலை இல்லை. ஜட்ஜ் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார்.

"தன்ர சொல்லில சொன்னபோது இவர் சொன்னதை நான் நம்புறன்."

"ஆகவே இவருக்கு கனடாவின்ர பாதுகாப்பைக் குடுக்கிறன்."

எல்லா வசனத்தையும் சொன்ன அதே குரல்.

ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று ஜட்ஜ் கேட்டார். நன்றி என்று சொல்ல வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை. அழவும் இல்லை. வாய் மட்டும் திறந்து நின்றது. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. எனக்காக ஒரு நன்றியை அவரே போட்டுவிட்டிருக்கலாம். வேறு யாரென்றாலும் போட்டிருப்பார்கள். கொஞ்சம் பொறுத்து ஜட்ஜிடம் சின்னதாக ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகு லோயர்ப் பிள்ளையைக் கேட்டேன்.

"'இன்னும் பதில் வரேல்லை' எண்டு சொன்னா அங்கிள்."

நான் தெருவுக்கு வந்தபோது அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு காணவில்லை.

கட்டடத்தின் சுவரோடு நின்று ஜெசிந்தாவுக்குப் போன் அடித்தேன். அவள் நித்திரை கொள்ளாமல் இருந்தாள். முதல் மணி அடித்ததுமே எடுத்துவிட்டாள்.

"என்னப்பா, என்ன நடந்தது? முதல்லயிருந்து சொல்லுங்கோ."

முதலிலிருந்து சொல்லப் போனால் குழப்பம் வரும். ஐமிச்சம் வரும். அந்த நீள வசனம் வரும். அவளும் அதற்குள் நின்று என்னைப் போலப் பயப்பட வேண்டிவரும்.

"இருக்கலாமாம்" என்றேன். "உங்களையும் கூப்பிடலாமாம். மிச்சத்தைப் பிறகு சொல்லுறன்."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. கேட்டதா என்று நான் கேட்கவில்லை. பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. போனைக் காதோடு வைத்துக்கொண்டு, அவளுக்குப் பதில் வரும்வரை நின்றேன்.